முன்னால் கூர், பின்னால் மொண்ணை

“புது விலங்குண்ணே இது. உங்க பேரைத்தான் வைக்கப்போறேன். லத்தீன்ல சூசைராஜி! நாளைக்குக் காலையில கட்டுரையை அனுப்பிருவேன்.”

மலர்விழி மேடம் சொன்னதும் சூசைராஜ் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். வேறு யாராவது என்றால் கல்லூரி வாசல் டீக்கடையில் நாலு பேருக்கு வடை வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியிருப்பார்கள். இவரோ கையிலிருந்த துடைக்கிற துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

திண்டுக்கல் கல்லூரி ஒன்றின் நிலவியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாக உதவியாளர் அவர். சுவரோடு நிற்கும் மர பீரோவில் நாற்பது இழுப்பறை, எல்லாவற்றுக்கும் சாவி அவர் இடுப்பில். அந்தப் புது விலங்கின் கல்லாகிப்போன பற்கள் பதினேழாவது இழுப்பறையில் இருந்தன. செத்துப்போன அந்தோணிராஜ் பேராசிரியர் அரியலூர்ப் பக்கம் தோண்டிக் கொண்டுவந்தவை. அங்கே ஒரு காலத்தில் கடல் கிடந்ததாம், அதில் முதலையைவிடப் பெரிய ஊர்வன நீந்தினவாம். இரண்டு டப்பா, இரண்டு அட்டை. ஒன்றில் ‘ஒரே குழி, ஒரே தாடை’ என்றும் மற்றதில் ‘ஓடைக்கரையில் பொறுக்கியது’ என்றும் பேராசிரியர் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். எந்த விலங்கின் பல் என்று கண்டுபிடிக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த வேலையைத்தான் துறைப் பேராசிரியை மலர்விழி நாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லின் வரியையும் எண்ணுவாள், அளப்பாள், வெளிநாட்டுப் படங்களோடு ஒப்பிடுவாள்.

“முன்பல்லு கூரு, மீன் பிடிக்க. பின்பல்லு மொண்ணை, சிப்பி உடைக்க. ரெண்டும் ஒரே தாடையில! இந்தக் கடல் ஊர்வனக் கூட்டத்துல இப்படி ஒண்ணை யாருமே பாத்ததில்லண்ணே” என்றாள், கண்ணெல்லாம் பளபளக்க.

யார் பார்த்திருக்க முடியும்? அந்த விலங்கு எந்தக் கடலிலும் பிறக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே தரையில், சூசைராஜின் மண்டைக்குள் பிறந்தது.

கமிட்டி வருகிறது என்று ஆய்வகத்தைக் கழுவித் துடைத்த நாள் அது. ஸ்டூல் மேல் நின்று பதினேழாவது இழுப்பறையை இழுத்தார். அது மொத்தமாகக் கழன்று வந்து தரையில் விழுந்தது. டப்பாக்கள் திறந்துகொண்டன, பற்கள் உருண்டன. பொறுக்கி எண்ணினால் பத்தொன்பதும் பத்திரம், ஒரு கீறல் இல்லை. ஆனால் எது எந்த டப்பா? நிறமும் எல்லாம் ஒன்றுதான். பேராசிரியரைக் கேட்டிருக்கலாம். தங்கமான மனுஷர்தான், ஆனால் பல் விஷயத்தில் மட்டும் காய்ச்சி எடுத்துவிடுவார். சூசைராஜ் நாக்கால் தன் வாயைத் துழாவிப் பார்த்தார். முன்னால் கூர், பின்னால் கடைவாய்ப் பல். எந்த வாய்க்கும் அதுதானே நியாயம்? ஒவ்வொரு டப்பாவிலும் கொஞ்சம் கூர், கொஞ்சம் மொண்ணை என்று பங்கு போட்டு மூடிவிட்டார். அடுத்த மாதமே பேராசிரியர் மாரடைப்பில் போனார்.

ஒரு தவக்காலத்தில், சர்ச்சில் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியும் பார்த்தார். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பரிகாரமாக ஒரே ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொன்னார். அவ்வளவு சின்ன பாவம்தான் போலிருக்கிறது என்று சூசைராஜும் நாகல் நகர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார். அட மடையா! அது இப்படிக் குட்டி போட்டு நிற்கும் என்று யார் கண்டது?

“மேடம்... ரெண்டும் வேற வேற மிருகமா இருக்கக்கூடாதா?”

மலர்விழி சிரித்தாள். “வரி வேற மாதிரி இருக்கேன்னு எனக்கும் ஆரம்பத்துல உறுத்துச்சு. ஆனா அட்டையில சார் கையெழுத்து இருக்கு. சாவி உங்ககிட்ட இருக்கு. வேற என்ன சாட்சி வேணும்?”

அந்தச் சொல்தான் அவரைக் கொன்றது. நாளைக்குக் கட்டுரை போய்விடும். பிறகு எவனாவது உண்மையைக் கண்டுபிடித்தால் நாறப்போவது இந்தப் பெண்ணின் பெயர். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் அது இன்னும் கேவலம்.

“அந்த டிராயரு கீழ விழுந்துருச்சு மேடம். பதினோரு வருசமாச்சு. அம்புட்டுப் பல்லும் கலந்துபோச்சு. நான்தான் ஒரு குத்துமதிப்பா அடுக்கி வச்சேன். முன்னாடி கூரு, பின்னாடி மொண்ணைன்னு... என் வாயைப் பாத்து.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். ஜன்னலுக்கு வெளியே வேடசந்தூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“அப்ப கூரெல்லாம் இக்தியோசார், மீன் மாதிரி இருக்குமே, அந்த ஊர்வன” என்றாள் மெதுவாக. “மொண்ணை எல்லாம் வேறொண்ணு. ரெண்டும் ஏற்கெனவே பேரு வச்சது. புதுசா ஒண்ணுமே இல்ல.” மடிக்கணினியை மூடினாள். நாலு வருஷம் அதற்குள் போய்விட்டது.

“திட்டிருங்க மேடம். ரெண்டு அறைகூட அறைஞ்சிருங்க.”

“எதுக்குண்ணே? அனுப்புறதுக்கு முன்னாடி சொல்லிட்டீங்களே.”

சூசைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு டீ வாங்கி வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தார். மலர்விழி அதற்குள் பீரோவை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற எந்த டிராயராச்சும் விழுந்துச்சாண்ணே?”

“இல்ல மேடம்! மாதா மேல சத்தியமா, அது ஒண்ணுதான்.”

உண்மைதான் சொன்னார். அவளும் தலையாட்டினாள். பிறகு சாவியை வாங்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முதல் இழுப்பறையைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தாள். சூசைராஜ் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.