காற்றுப் புகாத அறை

ஊரில் எனக்கு 'இடுக்கு' என்றுதான் பெயர். ஜன்னல் ஓரம், கதவு நிலை, சுவர் விரிசல் என்று குளிர்காற்று நுழையும் இடுக்கையெல்லாம் தேடி அடைப்பதுதான் என் பிழைப்பு. "காத்தைக்கூட ஓசியில உள்ள விடமாட்டார், அவ்வளவு கஞ்சன்" என்று மைத்துனன் கேலி செய்வான். எனக்கு அது பாராட்டாகத்தான் படும்.

என் வேலைக்கு மாதிரி, எங்கள் வீட்டுக் கீழறை. பாதிக்கு மேல் தரைக்குள் இறங்கிய அறை. அடைத்து முடித்த அன்று நடுவில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். சுடர் ஆடவே இல்லை. அதன்பிறகு வாடிக்கையாளர் யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய் வத்தி ஏற்றிக் காட்டுவேன். "என் பொண்ணே இங்கதாங்க தூங்குறா" என்று ஒரு வார்த்தை சேர்ப்பேன். அதற்கு மேல் யாரும் பேரம் பேச மாட்டார்கள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, மேலறைதான் வேண்டும் என்று அழுதாள். ஐஸ் வைத்துக் கீழே அனுப்பியவன் நான். ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

இரண்டு மாதம் முன்பு, உள்ளங்கை அளவு கருவி ஒன்றைப் பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கி வந்தாள். ரேடான் அளப்பதாம்.

"மண்ணுக்குள்ளேர்ந்து வர்ற வாயுப்பா. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல்ல புற்றுநோய் வரலாமாம்."

"நம்ம வீட்டுல காத்தே நுழையாது. வாயு எங்கேர்ந்து வரும்?" என்று சிரித்தேன்.

பத்து நாள் கழித்து அறுநூற்று நாற்பது காட்டியது. நூறுக்குள் இருந்தால் நல்லது, முந்நூறைத் தாண்டினால் சும்மா இருக்கக் கூடாது என்று கூடவே வந்த தாளில் போட்டிருந்தது. கருவி மக்கர் என்றேன். சமையலறையில் பத்து நாள் வைத்தோம். எண்பது. மறுபடி கீழே. அறுநூற்றுப் பத்து. அன்றைக்கே அவள் படுக்கையை ஹாலுக்குத் தூக்கிவந்து போட்டேன்.

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் தும்மினால்கூட எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். மனைவி முகம் கொடுத்தே பேசவில்லை.

"சண்டையாவது போடேன்" என்றேன்.

"போட்டா உங்களுக்கு நிம்மதியாயிடும்ல?" என்றாள்.

இதைச் சரிசெய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு அம்மா வந்தார். கம்பளத்தைச் சுருட்டச் சொன்னார். மூலையில் ஒரு பலகை; அதன் அடியில் அரையடி அகலக் குழி, குழிக்குள் வெறும் மண். மழைக்காலத்தில் ஊறும் தண்ணீர் வடியட்டும் என்று நானே விட்டுவைத்ததுதான்.

"வெளிய போற வழியெல்லாம் அருமையா அடைச்சிருக்கீங்க சார். உள்ள வர்ற வழியை மட்டும் விட்டுட்டீங்க."

முப்பது வருஷமாகச் சுவரையே தடவிக்கொண்டிருந்தவன் நான். தரையிலிருந்தும் ஒன்று வரலாம் என்று தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம்தான் அதிகம்.

"குழிக்கு மூடி போட்டு, தரைக்கு அடியிலேர்ந்து கூரைக்கு மேல வரைக்கும் ஒரு குழாய், இழுத்து வெளிய தள்ள ஒரு விசிறி. ரெண்டு நாள்ல அறை சரியாயிடும்."

"அறை கிடக்கட்டும்மா. என் பொண்ணு?"

அவர் பலகையை எடுத்துக் குழிமேல் திரும்ப வைத்தார். "சுவாசிச்ச எல்லாருக்கும் வரும்னு இல்ல சார். வரவே வராதுன்னும் என்னால சொல்ல முடியாது. ஆபத்து கூடும், அவ்வளவுதான் தெரியும். டாக்டரைப் பாருங்க. சிகரெட் பக்கம் மட்டும் போகவே கூடாது."

பிறகு ஒரு படிவத்தை எடுத்து மகளைக் கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கீழ இருந்தேம்மா?"

"தூங்குறது, படிக்கிறது எல்லாம் சேர்த்து பதிமூணு மணி நேரம் இருக்கும்."

"ஜன்னலைத் திறந்து வைப்பியா?"

நான் முந்திக்கொண்டேன். "திறப்பா, திறப்பா. வெயில் காலத்துல திறக்காம இருக்க முடியுமா?"

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒருநாள்கூட திறந்ததில்லப்பா" என்றாள். "நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு அடைச்சதாச்சே."