பத்தாவது மேஜையிலிருந்து ஒரு சிரிப்பு

படம் பேச ஆரம்பித்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பெர்லின் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு என் பொறுப்பு. கண்ணாடி அறைக்குள்ளிருந்து நான் "சரி" என்றால்தான் எந்த ஷாட்டும் சரி.

அன்று டைப்பிஸ்டுகளின் பாட்டு. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு டைப்ரைட்டர்கள். தட்டும் சத்தம் பாட்டை அமுக்காதபடி உள்ளே கம்பளித் துணி ஒட்டியிருந்தோம். காமிராவுக்குப் பின்னாலேயே வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். பத்தாவது மேஜையில் என் தங்கை ரெஹா.

மூன்று ஷாட்டுகள் தும்மலிலும் சிரிப்பிலும் கெட்டுப்போயின. டைரக்டர் ப்ரோஸ்கே கத்தினார்: "இனிமே எவளாவது மூச்சு விட்டா நேரா வீட்டுக்குத்தான்! ஊமைப் படம்னு நினைப்பா?"

"மூச்சு விடலேன்னா நேரா கல்லறைக்கு, சார்," என்றாள் ரெஹா.

நாலாவது ஷாட். பாட்டு முடிந்தது. மேனேஜராக நடித்தவர் காபி குடிக்கக் குனிந்தார். ஒட்டுமீசை கோப்பைக்குள் விழுந்தது. மனிதர் அசரவில்லை. ஸ்பூனால் நிதானமாகக் கலக்கினார். அந்த நிசப்தத்தில் ரெஹா சிரித்துவிட்டாள். தும்மல் போல ஆரம்பித்து விக்கலில் முடியும் சிரிப்பு.

"ஆல்வின், என்னமோ கேட்டுதே?" என்று ப்ரோஸ்கே என்னைக் கேட்டார்.

"நாற்காலி கிறீச்சிட்டுது, சார். ஒலி சரி."

வேலையில் நான் சொன்ன முதல் பொய். ரெஹா கண்ணாடிப் பக்கம் திரும்பி நாக்கைத் துருத்தினாள்.

மறுநாள் கழுவி வந்த படத்தைப் போட்டுப் பார்த்தபோது குட்டு உடைந்தது. ப்ரோஸ்கே என்னை முறைத்தார். "உன் நாற்காலி நல்லாவே சிரிக்குது. போகட்டும், இதையே வெச்சுக்கலாம், மீசை மறுபடி அப்படி விழாது."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், யூதப் பெண் என்று நாஜிகள் ரெஹாவை ரயிலேற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். அவள் திரும்பவில்லை. நான் ஒரு தோட்டக் கொட்டகையில் ஒளிந்து பிழைத்தேன். வீடு குண்டில் போயிற்று. அவளுடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை.

யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து, பெர்லினின் நாய்கோல்ன் பகுதியில் ஒரு தியேட்டரில் அந்தப் படம் மறுபடி வந்தது. ஆரம்பத்தில் வரும் பெயர்களில் யூதர்களுடையவை நாஜிகள் காலத்திலேயே வெட்டப்பட்டிருந்தன. ரெஹாவின் சிரிப்பையும் வெட்டியிருப்பார்களோ என்று நாற்காலி நுனிக்கு வந்தேன். பாட்டு முடிந்தது. மீசை விழுந்தது. அரங்கமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் ரெஹாவின் சிரிப்பு எனக்குக் கேட்கவே இல்லை.

மறுநாள் மதியக் காட்சிக்குப் போனேன். பதினாலே பேர், அதே கதை.

மூன்றாம் நாள் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் முன்கூட்டியே கெஞ்சினேன். "இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் சிரிக்காம இருங்கம்மா."

"சரிங்க," என்று தலையாட்டினவள்தான் முதலில் சிரித்தாள்.

"மீசை விழுந்தா அவ்வளவு சிரிப்பா?" என்றேன்.

"மீசைக்கு யாருங்க சிரிச்சா? உள்ள ஒரு பொண்ணு விக்கிக்கிட்டே சிரிக்குதே, அதைக் கேட்டா எப்படிங்க அடக்குறது?"

படம் முடிந்ததும் அவள் போய்விட்டாள். நான் அடுத்த காட்சிக்கும் டிக்கெட் வாங்கினேன். இந்தத் தடவை காதைத் தீட்டிக்கொண்டு உட்காரவில்லை.