முதலிடத்துக்குப் போன சாவுப் பாட்டு

லட்டு டப்பாவும் கையுமாக ஜெகன் வந்து நின்றபோதே சுதாவுக்கு மனதில் ஏதோ நெருடியது.

"அண்ணி, நம்ம பாட்டு நம்பர் ஒன் வந்துக்கீது!" என்று வாசலிலேயே கத்தினான்.

அது அவள் புருஷன் வினோத்தைப் பற்றிய பாட்டு. பட்டாபிராமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவன், பிணமாகத்தான் மேலே வந்தான். கூட வேலைக்குப் போன ஜெகன் தொட்டி வாயருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தவன். சேக்காட்டில் அவர்கள் தெருவில் சாவு வீட்டில் கானா பாடுவது வழக்கம். செத்தவன் பேரும் செத்த விதமும் அதில் வந்தாக வேண்டும். வினோத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, மாட்டேன் என்றவனை மிரட்டி இறக்கிய காண்ட்ராக்டர் பாஸ்கரனின் பேரையும் சேர்த்தே பாடினான் ஜெகன். தெருவே அழுதது; அழுதுகொண்டே போனில் படமும் பிடித்தது.

பிறகு ஏதோ ஒரு கம்பெனி ஜெகனைக் கொத்திக்கொண்டு போனது. கிடார், டிரம்ஸ் எல்லாம் சேர்த்து, சமூக அக்கறையுள்ள பாட்டு என்று வெளியிட்டார்கள். ஷேர் ஆட்டோவில், டீக்கடையில், எங்கே போனாலும் அதுதான். ஆனால் அதில் வினோத்தும் இல்லை, பாஸ்கரனும் இல்லை. பேர் போட்டால் வழக்குப் போடுவார்கள் என்றான் ஜெகன். சரியென்று விட்டாள். பழைய வீடியோ சுற்றினால் புதுப் பாட்டை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்றான். அதையும் நம்பி, வீடு வீடாக ஏறி இறங்கி அழிக்கச் சொன்னவள் சுதாவேதான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

இப்போது லட்டு வந்திருக்கிறது.

"வெற்றி விழாவுல நீ மேடை ஏறணும் அண்ணி."

"ஏர்றேன். பாஸ்கரன் மேல போட்ட கேஸு விசாரணைக்கு வரப்போவுது ஜெகனு. சாட்சி சொல்ல வந்துடுவே இல்ல?"

ஜெகன் டப்பாவின் நூலைப் பிரிப்பதில் மும்முரமானான். "அன்னிக்கு மலேசியாவுல புரோகிராம் கீது அண்ணி."

"தேதியே இன்னும் சொல்லலியேடா!"

அவன் முகம் வெளுத்தது. கண் மட்டும் தெருமுனைக்குப் போய்த் திரும்பியது. அங்கே ஒரு கார், என்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. சுதா விறுவிறுவென்று நடந்துபோய்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். பின்சீட்டில் பாஸ்கரன்.

பின்னாலேயே ஓடிவந்த ஜெகன், "விழாவே அவரு செலவுதான் அண்ணி," என்று முணுமுணுத்தான். "நான் பாடறவன், என்னை சாட்சிக்கெல்லாம் இழுக்காத. நான் அங்க இருந்தேன்னு காட்ட இன்னா கீது உங்கையில?"

ஒன்றுமில்லை. கார் அவனையும் ஏற்றிக்கொண்டு போனது.

பக்கத்து வீட்டு லத்தீஃபா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். சுதா அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். "எல்லாத்தியும் நானே அழிக்க வெச்சிட்டேன்கா!"

"நீ கேட்டப்ப தலைய ஆட்டினேன். ஆனா அழிக்கலடி," என்று லத்தீஃபா தன் போனை நீட்டினாள். "வினோத்து மொகம் கடைசியா இதுலதானே கீது. எப்படி மனசு வரும்?"

போனில் ஜெகன் மார்பில் அடித்துக்கொண்டு பாடினான்: என் கண்ணால பார்த்தேன், பாஸ்கரன்தான் எறக்கினான்.

வக்கீலுக்கு அனுப்பச் சொல்லத்தான் சுதா வாயெடுத்தாள். மாலைக்கு நடுவே வினோத்தின் முகம் தெரிந்தது. பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அனுப்புக்கா," என்றாள்.