காமாலை இல்லை என்று சொன்ன நாள்

...சொல்லியேவிட்டாள், அதுவும் சட்டைக் கம்பெனியின் சாப்பாட்டு வேளையில், இருபது பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருக்கும்போது, அடுகோடியில் பஸ் ஏறி இத்தனை நேரமாகியும் ரஞ்சிதத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, ஆனால் இது பழைய படபடப்பு இல்லை, பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் முடிந்து நிற்கும்போது அடிக்குமே, அது... சூப்பர்வைசர் ரங்கா என்ன சொன்னார்? வேலைக்கு வராமல் நின்றுபோன ஒரு பெண்ணைப் பற்றி, "அது மெண்டல் கேஸ்மா, வேற ஆளப் பாக்கலாம்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், வந்ததோ வேறு. "நான் ரெண்டு மாசம் வேலைக்கு வராம இருந்தது காமாலையால இல்ல சார். மனச்சோர்வு. இப்பவும் மாத்திரை சாப்பிடறேன். நேத்து நானூறு சட்டை செக் பண்ணேன், ஒண்ணாவது ரிட்டர்ன் வந்துச்சா?"

காமாலை என்பது அவள் கணவன் தாஸ் ஊருக்குச் சொல்லிவைத்த பொய். சுரங்கம் மூடி, தங்கவயலை விட்டு இந்த நகரத்துக்கு வந்து வேலைக்குச் சேர்ந்த வருஷம், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள், தலை சீவக்கூட எழ முடியாத நாட்கள்... பக்கத்து வீடுகளிலிருந்து கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார்கள், அதையும் குடித்தாள், இல்லாத நோய்க்கு எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், இருந்த நோய்க்கு? டாக்டர் சொல்லி அனுப்பிய, இவளைப் போன்றவர்கள் சிவாஜிநகரில் கூடும் சனிக்கிழமைக் கூட்டத்தில் எட்டுப் பேர், அவ்வளவுதான், ஒருவர் பேசினால் ஏழு பேர் கேட்பார்கள்.

இன்றைக்கு ஒன்பது பேராகும். பஸ்ஸில் பக்கத்தில் தனக்கோடி உட்கார்ந்திருக்கிறாள், காலர் தைக்கிறவள், யாரோடும் பேசாதவள், மத்தியானம் குழாயடிக்குப் பின்னாலேயே வந்து, "அக்கா, அந்த டாக்டர் எங்க இருக்காரு?" என்று கேட்டாளே... வேலை முடிந்ததும் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றியது முதல் ரஞ்சிதம் பேசிக்கொண்டே வருகிறாள், டாக்டர், மாத்திரை, முதல் வாரம் வாய் உலர்ந்துபோனது, ரங்காவின் முகம் போன போக்கு, ஜான்சன் மார்க்கெட் எப்போது தாண்டியது? தாஸிடம் இன்றே சொல்லிவிடலாமா? சொல்லலாம், என்ன செய்துவிடுவார்...

"அங்க நான் இன்னா சொல்லணும்க்கா?"

"எதுவும் சொல்ல வேணாம். சும்மா உக்காந்து கேட்டாப் போதும்."

சொல்லி முடிக்கும்போதே சுருக்கென்றது. இவளுக்கு என்ன, எத்தனை நாளாக... இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றுமே கேட்கவில்லையே தான். வாயை மூடிக்கொண்டாள், அது கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு மெதுவாக, "உனக்கு எப்பலேர்ந்து?" என்றாள். தனக்கோடி ஜன்னலைப் பார்த்தாள், திரும்பினாள், பேசத் தொடங்கினாள், பஸ் சிவாஜிநகர் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது, மற்றவர்கள் எல்லோரும் எழுந்து இறங்கினார்கள், ரஞ்சிதம் எழவில்லை.