வியாழக்கிழமைக் காய்ச்சல்

மூன்றாவது தடவையாக டாக்டரம்மா கேட்டபோதும் சுமதி பொய்தான் சொன்னாள்.

"வேலை செய்யற இடத்துல தூசி உண்டா? வைக்கோல், புறா, கோழி, அந்த மாதிரி ஏதாவது?" டாக்டர் தெலுங்கில் கேட்டார். கையில் எக்ஸ்ரே. கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை.

"இல்லைங்க. ஐடி கம்பெனி. அட்மின் மேனேஜர். ஏசி ரூம்ல உக்காந்து பண்ற வேலை." சுமதியும் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற ஜெயச்சந்திரனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

ஜெயச்சந்திரன் அவளுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். மகள் அக்ஷதாவுக்கு நிச்சயம் செய்திருக்கிற உமேஷின் அப்பா. நாலு நாளாக ராமச்சந்திராபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, மருந்துச் சீட்டோடு மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிற மனுஷர். டாக்டர் கேட்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுமதியின் பதில் காதில் விழுந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜம்புநாதன் வாயில் குழாயோடு கிடந்தான். ஐம்பத்து மூன்று வயது. இருமல் என்று வந்தவன், நாலே நாளில் மூச்சை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டான்.

ஐடி கம்பெனி என்பது பொய்யில்லை. மாதாபூரில் இருக்கும் அந்தப் பெரிய வளாகத்துக்குள் போய் வர அவன் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. ஆனால் அவன் பார்த்த வேலை தோட்டம். வெட்டின புல், உதிர்ந்த இலை, கவாத்து செய்த கிளை, கேன்டீனில் மிஞ்சின காய்த்தோல், எல்லாவற்றையும் குவித்து மக்கவைத்து, எருவாக்கி, அதே தோட்டத்துக்குப் போடுவான். "இந்தக் காம்பவுண்டை விட்டு ஒரு லாரி குப்பை வெளிய போகாது, தெரியுமா?" என்று பீற்றிக்கொள்வதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சுமதிக்கு அதுதான் எரியும். மாரெட்பள்ளியில் அவர்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில். கோயிலில் பார்க்கிறவளெல்லாம், "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றுதான் ஆரம்பிப்பாள். மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் சுமதியே அவனுக்கு உத்தியோக உயர்வு கொடுத்துவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவனிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். "உங்க குப்பைக் கதையை இன்னிக்கு ஒருநாள் எடுக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." சரி சரி என்று தலையாட்டினான்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் யாரோ வெளிநாட்டு விருந்தாளிகள் வரப்போகிறார்கள், நாற்றம் அடிக்கிறது என்று, திறந்தவெளியில் இருந்த குவியலையெல்லாம் ஜெனரேட்டர் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குள் தள்ளச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் குவியலைப் புரட்ட வேண்டும். வியாழன் சாயங்காலம் அவன் வீடு வரும்போதே உடம்பு அனலாய்க் கொதிக்கும், நெஞ்சு இறுக்கும். சுமதி மிளகு ரசம் வைத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாட்டமாக இருப்பான். அடுத்த வியாழன் மறுபடி. ஒன்றல்ல இரண்டல்ல, மூன்று மாசம் இதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஒன்பது மணிக்கு சபீனா வந்தாள். ஜம்புநாதனிடம் ஆறு வருஷமாகத் தோட்ட வேலை செய்கிறவள். அவனோடு பேசிப் பேசித் தமிழ் அரைகுறையாக வரும். நல்லவேளை, ஜெயச்சந்திரன் அப்போதுதான் டீ வாங்கக் கீழே போயிருந்தார்.

"ஸாப் கைஸா ஹை, எப்படி இருக்கார் அம்மா? டாக்டர்கிட்டே ஷெட் பத்தி சொல்லிட்டீங்கதானே?"

"ஷெட்டைப் பத்தி என்ன?"

"வெள்ளை பவுடர்! எலைக் குவியல் உள்ளே எல்லாம் பூஞ்சை. புரட்டினா புகை மாதிரி எழும்பும். நான் சொன்னேன், ஸாப், மூஞ்சிக்குத் துணி கட்டு, உள்ளே போறது நக்கோ, வேணாம். கேக்கல. எனக்கே ராத்திரி இருமல். ஏன் சொல்லல நீங்க?"

தூசி, வைக்கோல் என்று டாக்டரம்மா மூன்று தடவை கேட்டாளே! அட பாவி, மூன்று தடவை கேட்டாளே!

சுமதி செருப்பை உதறிவிட்டு ஓடினாள். உள்ளே விடமாட்டோம் என்ற காவலாளியைத் தள்ளிக்கொண்டு போனாள். டாக்டரின் கையைப் பிடித்து, தெலுங்கும் தமிழும் குழறக் கொட்டினாள். "அவர் மேனேஜர் இல்லீங்க. எரு போடறவர். மக்கின எலை, பூஞ்சை, மூடின கொட்டகை. வியாழக்கிழமைன்னா காய்ச்சல் வரும். நான் பொய் சொன்னேன். நாலு நாளும் பொய் சொன்னேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னார். அது தொற்று இல்லாமல் இருக்கலாம், பூஞ்சைத் தூளுக்கு நுரையீரல் பொங்கியிருக்கலாம், மருந்தே வேறு என்றார்.

"மொத நாளே சொல்லியிருந்தா இந்த நெலமைக்கு வந்திருக்க மாட்டாரா?"

"இப்ப அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. வெளிய உக்காருங்க."

வெளியே வந்து உட்கார்ந்தாள். இருக்கிற சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள். ஊரெல்லாம் கூட்டி, மைக் வைத்து, என் புருஷன் குப்பை அள்ளுகிறவன் என்று கத்துகிறேன், அவனை மட்டும் கொடுத்துவிடு என்று கேட்டாள். பன்னிரண்டு மணி நாற்பது நிமிஷத்துக்கு டாக்டர் வெளியே வந்தார்.

மூன்று மணிக்கு உடம்பு வீட்டுக்கு வந்தது. பெஞ்சு போட்டது, ஷாமியானாவுக்குச் சொன்னது, ஐயரை அழைத்தது, எல்லாம் ஜெயச்சந்திரன்தான். வளாகத்திலிருந்து தோட்டக்காரர்கள் இருபது பேர் வேனில் வந்து இறங்கினார்கள். வேலை செய்த கையோடு வந்திருந்ததால் காலெல்லாம் மண். வாசலில் நின்று உள்ளே வரத் தயங்கினார்கள். சுமதியே போய், "உள்ள வாங்க, உங்க ஸாப்தானே" என்று அவர்களை அழைத்து வந்தாள். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்கக் கொல்லைக் குழாயடிக்கு ஜெயச்சந்திரன் வந்தபோது அவள் அங்கே தனியாக நின்றிருந்தாள். இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சம்பந்தி, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். கேட்டுட்டு நீங்க கல்யாணத்தை நிறுத்தினாலும் சரிதான். அவர் மேனேஜர் இல்ல. தோட்டத்துல..."

"தெரியும்மா."

குழாயில் தண்ணீர் வாளியைத் தாண்டி வழிந்தது. அவர் அதை நிறுத்தவில்லை.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. என்னை வழியனுப்ப ஸ்கூட்டர் வரைக்கும் வந்தாரே, அப்ப. 'வீட்டுல சொல்ல வேணாம்னாங்க, ஆனா பொண்ணு குடுக்கற எடத்துல பொய் சொல்லக் கூடாது சார்'னாரு. மறுவாரம் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. குவியலுக்குள்ள கையை விடுங்கன்னாரு. அடுப்பு மாதிரி சுட்டுது. வீட்டுக்குப் போய் உமேஷ்கிட்ட, உன் மாமனார் பெரிய ஆளுடான்னு சொன்னேன்."

"அப்ப டாக்டர் கேட்டப்ப நீங்களாவது..."

"சொல்ல வாயெடுத்தேனே. அதுக்குள்ள நீங்க மேனேஜர்னீங்க. சம்பந்தியம்மா மறைக்கணும்னு நெனைக்கறப்ப நான் போட்டு ஒடைச்சா, உங்களை நாலு பேர் முன்னாடி பொய்க்காரியாக்கின மாதிரி ஆயிடுமே. பொண்ணு எடுக்கற வீடு. மரியாதை இல்லையேன்னு..." அவர் தோள் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். "நெஞ்சு சளிக்கும் வேலைக்கும் என்ன இருக்குன்னு நெனைச்சேன்மா. எனக்குத் தெரியலையே."

அவர் அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது, அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் குனிந்து குழாயை மூடினாள்.

ஐந்து மணிக்கு ஐயர் அவசரப்படுத்தினார். பொம்பளைங்க வாய்க்கரிசி போடறவங்க வாங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். சுமதி தட்டிலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு அவன் தலைமாட்டில் மண்டியிட்டாள். துணியை விலக்கினார்கள். குழாய் எடுத்த வாய் லேசாகத் திறந்திருந்தது.

கை உதட்டருகே போய் நின்றது. விரல்கள் பிரியவில்லை.

"போடும்மா, நேரமாச்சு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மூடின கை மூடியபடியே இருந்தது. அக்ஷதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, ஓப்பன் பண்ணும்மா," என்றாள். பிறகு அவளே அம்மாவின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.