இருநூறு வருடத்துக் கோழி

மேடையில் பேசியவர் இருநூறு வருடம் என்றதும் முனீஸ்வரி பக்கத்து நாற்காலியில் இருந்த சின்னத்தாயைத் திரும்பிப் பார்த்தாள். தான் கேட்டது சரிதானா என்று தெரியவேண்டியிருந்தது. சின்னத்தாய் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்லுமேட்டுப்பட்டிச் சாம்பல் கோழியை அந்த ஊர்ப் பெரியவர்கள் இருநூறு ஆண்டுகளாகக் காத்து வந்திருக்கிறார்கள், அதை நாட்டின் தனி இனமாகக் கண்டறிந்து சொன்னவர் டாக்டர் ஹம்சவேணி என்று அவர் முடித்தபோது மண்டபமே கைதட்டியது. பிறகு கோழி வளர்க்கும் பன்னிரண்டு பெண்களுக்கும் வரிசையாகப் பொன்னாடை போர்த்தினார்கள். முனீஸ்வரி ஏழாவதாக நின்றாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரை முனியம்மாள் என்று வாசித்தார்கள்.

அந்தக் கோழி இனத்துக்கு வயது ஒன்பது. கிடாவெட்டுக்கு வந்த உறவுக்காரர்களுக்காக அவள் புருஷன் சிவபாண்டி மேலூர்ச் சந்தையில் வாங்கிவந்த ஐந்து உருப்படிகளில் கழுத்தில் மயிரே இல்லாத ஒரு சேவல் இருந்தது. மற்றவை வாயைப் பிளந்து இரைக்க, அது மட்டும் உச்சி வெயிலில் நின்று சாவகாசமாகக் குப்பையைக் கிளறியது. முனீஸ்வரி அதை அறுக்கவிடாமல் எடுத்து மறைத்துவைத்தாள். தன் சாம்பல் பெட்டைகளோடு சேர்த்தாள். அக்னி நட்சத்திரத்தில் எல்லா வீட்டுக் கோழியும் முட்டையை நிறுத்திவிடும். அந்த நாளிலும் எது இடுகிறதோ அதன் குஞ்சுகளை மட்டும் வளர்ப்புக்கு வைத்துக்கொண்டாள். சிவப்பும் கறுப்புமாகப் பொரிந்ததை வந்த விலைக்குத் தள்ளினாள். மூன்றாம் வருடம் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து வாசல் முழுக்கக் கோழிகள் செத்துக் கிடந்தன. மிஞ்சிய நான்கு பெட்டை, ஒரு சேவலை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

அப்போது தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டர்தான் ஹம்சவேணி. திருநகரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். அவள் அப்பா துளசிராம் தறி வைத்திருந்தவர். அவர் வீட்டில் கிடந்த பட்டுநூலைக் கொண்டுவந்து, ஒவ்வொரு தலைமுறைக் குஞ்சுக்கும் ஒவ்வொரு நிறத்தில் காலில் கட்ட யோசனை சொன்னாள். மாதம் ஒருமுறை வந்து, முனீஸ்வரி எதை வைத்தாள், எதைத் தள்ளினாள், ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்வாள். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுப் பாயை விரித்துப் படுப்பாள். தன் கல்யாணம் நின்றுபோனதைக்கூட முனீஸ்வரியிடம்தான் முதலில் சொல்லி அழுதாள். பன்னிரண்டு வீட்டுக்கு அடைமுட்டை கொடுத்துக் கோழியைப் பெருக்கச் சொன்னதும் அவள்தான். எண்ணிக்கை இருந்தால்தான் தனி இனமென்று ஒப்புக்கொள்வார்களாம்.

விழா முடிந்து மண்டபத்துக்கு வெளியே வந்ததும் ஹம்சவேணி ஓடிவந்து முனீஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

"நம்ம விண்ணப்பத்த ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. ஒரு ஆளு புதுசா உருவாக்குனதுன்னா கலப்புன்னு தள்ளிருவாங்க. காலங்காலமா ஊருல இருந்துச்சுன்னு காட்டுனாத்தான் ஏத்துக்குவாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

ஹம்சவேணி பிடித்த கையை விடவில்லை. "சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்க்கா. அதான் பரம்பரையா வளக்குறதுன்னு எழுதி, சிவபாண்டி அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்குனேன்."

முனீஸ்வரி ஒத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. அதை இனி அவளாலேயே கண்டுபிடிக்க முடியாது. பிடித்திருந்த கையை மெதுவாக உருவிக்கொண்டு, "வாரேன் டாக்டரம்மா" என்றாள். அத்தனை வருடத்தில் வேணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது சிவபாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். சண்டைக்குத் தயாராக இருந்தவன்போலத் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"ஒங்க வீட்டுல யாரு கோழி வளத்தா?"

அவன் அம்மாவுக்குக் கோழி எச்சம் என்றாலே குமட்டும். முதல் கூண்டைத் தூக்கித் தெருவில் எறிந்தவள் அவள். அது இரண்டு பேருக்கும் தெரியும். "ஊருக்குப் பேரு வருதுன்னு டாக்டரம்மா சொன்னுச்சு. பேரு யாருதா இருந்தா என்ன, கோழி ஒன்னோடதுதான" என்று சொல்லிவிட்டு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போனான்.

செய்தித்தாளில் படம் வந்த மூன்றாம் நாள் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பண்ணை வைக்க நல்ல வித்துக்கோழி வேண்டும் என்றார். சிவபாண்டி அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேச்சைத் தொடங்கினான். அவனுடைய அப்பத்தாவின் அப்பத்தா கல்யாணமாகி வந்தபோது கூடையில் வைத்துக் கொண்டுவந்த கோழியாம். தாது வருடப் பஞ்சத்தில்கூட முட்டையிட்டதாம். தடங்கலில்லாமல் வந்தது பேச்சு. கையெழுத்துப் போட்ட அன்றைக்கே பழகியிருப்பானோ என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது. கேட்கக் கேட்க, கூடையைச் சுமந்து வண்டிப்பாதையில் வரும் அந்தப் பெண்ணை அவளாலேயே பார்க்க முடிந்தது.

காட்டுவதற்காக அவன் கேட்டிருந்த பெட்டையைப் பிடித்துவந்து நின்றாள். வந்தவர் எழுந்து, மயிரில்லாத அதன் சிவந்த கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அம்புட்டுப் பழசாம்மா இது?" என்று அவளைக் கேட்டார்.

சிவபாண்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கைக்குள் கோழியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோழி கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் அவளை அண்ணாந்து பார்த்தது.