கதவு வரைக்கும்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் யோசிப்பதற்குள் அவள் கால் அதில் இருக்கும். அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஒருவரும் சீக்கிரம் கற்றுக்கொண்டதும் இல்லை.

வேலை போக அவளுக்கு இன்னொரு பைத்தியம். இணையத்தில் இரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக, மாற்றி மாற்றிக் கதை எழுதுவார்களே, அது. கூட எழுத வரச்சொல்லி மூன்று பேருக்குக் கடிதம் போட்டாள். மூன்றும் கிணற்றில் போட்ட கல். இப்போது சுண்டெலி என்ற புனைபெயர்க்காரர் ஆள் தேடுகிறார். கரையொதுங்கிய திருடனை அவர் எழுதுவார்; கலங்கரை விளக்கக் காவலாளியை எழுத ஒருவர் வேண்டும். சுண்டெலியின் கதைகளை வரி வரியாகப் படித்தவள் அவள். இவரும் பதில் போடாவிட்டால் இந்தச் சகவாசத்துக்கே முழுக்கு என்று வீம்பாகச் சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, நினைத்தால் அழுகை வந்தது.

சுண்டெலிக்கு அனுப்ப நான்கு பக்கம் எழுதி, பள்ளி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாரிடம் காட்டினாள். காவலாளி கதவைத் திறக்கிறார். திருடன் உள்ளே வருகிறான், காலில் விழுகிறான், குற்றமெல்லாம் ஒப்புக்கொள்கிறான், திருந்துகிறான், வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறான்.

"திருடன் யாரோட ஆளு அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார்.

"சுண்டெலியோட ஆளு."

"அப்ப அவனை நீங்க ஏன் திருத்தறீங்க? பாவம், அவர் வந்து எதை எழுதுவாரு, குறட்டையையா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். பல் டாக்டர் ஒருவருக்குப் பன்னிரண்டாவது வகுப்பு. முனையில் ஒரு வேன் தென்பட்டதும் வழக்கம்போல மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது.

"நான் மிதிக்கத்தான் போனேன் மேடம்" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மிச்ச நேரம் முழுக்கக் காலை மடக்கி வைத்துக்கொண்டாள். பல் டாக்டர் நன்றாகத்தான் ஓட்டினார்.

மதியம் நான்கு பக்கத்தையும் அழித்தாள். சுண்டெலிக்குப் புதிதாக ஒரு கடிதம் தொடங்கி, அவர் கதையில் வந்த செவிட்டுச் சமையல்காரி ஏன் தன் மனதைவிட்டுப் போகவில்லை என்று எழுதினாள். வாரத்துக்கு இரண்டு நாள்தான் எழுத முடியும், சித்திரவதைக் காட்சி மட்டும் வேண்டாம் என்றாள். பிறகு கதை: கதவு தட்டும் சத்தம், காவலாளி கைவிளக்கோடு இறங்கி வருகிறார், கதவைத் திறக்கிறார். அங்கேயே நிறுத்தி அனுப்பிவிட்டாள். கை பரபரத்தது, ஆனாலும் ஒரு வரி கூட்டவில்லை.

மறுநாள் பல் டாக்டர் வண்டியைக் கிளப்பும்போது அவள் கைபேசியில் சுண்டெலியின் பதில் வந்தது. திருடன் உள்ளே வரவில்லையாம். வாசலிலேயே நின்று, "மேல எரியிற விளக்கை அணைச்சிடுங்க. என்னைத் தேடி ஒரு கப்பல் வருது" என்கிறானாம். அதன் கீழே, 'இனி உங்கள் முறை' என்று எழுதியிருந்தது.

அணைத்தால் கப்பல் பாறையில் மோதும். அணைக்காவிட்டால் இவன் கதி? அவள் கனவிலும் நினைக்காத சங்கடம்.

நாற்சந்தி வந்தது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று டாக்டர் கேட்டார்.

"தெரியலையே" என்றாள், வாயெல்லாம் பல்லாக.